வந்துட்டீங்களா

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை என்பதுதான் அந்த வீட்டில் அவளுக்கு முதலில் பிடித்துப்போன அம்சம்.

ஓரகத்திக்கு முழங்கால் வலி. கணவருடைய அண்ணனின் மனைவியான அந்த மூத்தவள் இப்போது ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கும் ஓசை கதவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

கதவில் பதித்திருந்த சிறு கண்ணாடியில் கண்ணை வைத்தபடி இளையவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. குடிவந்து நான்கு நாள்தான் ஆகிறது. கரண்டிகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதுகூட இன்னும் தெரியாது. இந்த நிமிடத்துக்கு வேண்டியது மட்டும் தயாராக இருந்தது.

எட்டு மாதங்களுக்கு முன், இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளில், தோளில் தூங்கும் மகளோடு அவள் மூத்தவளின் வாசலில் நின்றாள். பெட்டிகளோடு கணவர் பக்கத்தில் நின்றார். கதவு திறந்தது. வாங்க என்று மூத்தவள் சொல்லவில்லை. மூவரையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "வந்துட்டீங்களா?" என்றாள்.

வந்து தொலைந்துவிட்டீர்களா என்றுதான் அது இளையவளின் காதில் விழுந்தது.

அதன்பின் அந்த வீட்டின் ஓர் அறையில் கழிந்த மாதங்களில் பொறுத்துக்கொண்டவை எத்தனையோ. துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதி ஒட்டிய காகிதம். குளித்துக்கொண்டிருக்கும்போதே கதவில் விழும் இரண்டு தட்டு. மூடிய குழாயை வந்து மறுபடி ஒருமுறை மூடிப் பார்க்கும் வழக்கம். அவை எல்லாவற்றையும் அவள் மன்னித்திருந்தாள். இருக்க இடம் கொடுத்தவர்கள் அதிகாரம் செய்யத்தான் செய்வார்கள். வாசலில் நிற்பவரை வா என்று அழைக்காததை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. அவள் பிறந்த வீட்டில், சண்டைக்கு வந்தவரைக்கூட வாங்க என்று சொல்லி உட்காரவைத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள்.

குளிர்காலத்துக்கென்று கொட்டையைப் புதைத்துவைக்கும் அணிலைப்போல, மூத்தவளின் அந்த ஒரு சொல்லை அவள் மனத்துக்குள் புதைத்துவைத்தாள். அதே சொல், அதே இழுவை, அதே பார்வை. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடி முன் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

"வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்று நேற்றுக் கணவர் கேட்டார்.

"தேஞ்சிடும்னுதான் பத்திரமா வச்சிருக்கேன்."

அவரை நம்ப முடியாது. அண்ணியைக் கண்டதும் "வாங்கண்ணி" என்று அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஆகவே, படியில் காலடிச் சத்தம் கேட்டதுமே திரைச்சீலைக் கம்பியை மாட்டச் சொல்லி அவரை நாற்காலியின்மேல் ஏற்றியிருந்தாள். இரு கைகளிலும் கம்பி. உதட்டிடுக்கில் மூன்று திருகாணிகள். பெரியம்மா என்றால் உயிரை விடும் மகளைக் குளிக்க அனுப்பியாயிற்று. வாங்க என்று சொல்லக்கூடிய வாய்கள் அனைத்தும் அடைபட்டன.

அழைப்பு மணி ஒலித்தது.

நின்று வலிக்கட்டும் என்று இருபதுவரை எண்ணினாள். பிறகு கதவைத் திறந்தாள்.

மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

"ம்ம், ம்ம்ம்" என்றார் நாற்காலியின்மேல் நின்றவர்.

இளையவள் நிலைப்படியை விட்டு நகரவில்லை. மேலும் கீழும் பார்த்தாள். எந்த இடத்தில் புருவம் உயரவேண்டுமோ அந்த இடத்தில் உயர்த்தினாள்.

"வந்துட்டீங்களா?"

மூத்தவளின் முகம் சுருங்கியது. அடுத்த நொடி, இந்த எட்டு மாதத்தில் ஒருநாளும் கலங்கிப் பார்த்திராத அந்தக் கண்கள் நிறைந்து வழிந்தன.

குறி தப்பவில்லை. இளையவளின் நெஞ்சு குளிர்ந்தது.

மூத்தவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். ஈரக்கையால் இளையவளின் கன்னத்தைத் தொட்டாள்.

"பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். ஒரு வாசல்லயும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லடி. வழியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் இந்த வார்த்தை வரும். நீங்க வந்த அன்னிக்கு விமானம் ஏழு மணி நேரம் லேட்டு, ஒரு தகவலும் இல்ல. ஜன்னலை விட்டு நான் எந்திரிக்கவே இல்ல. கதவைத் திறந்தா மூணு பேரும் முழுசா நிக்கிறீங்க. வாங்கன்னு சொல்லக்கூட எனக்குத் தோணல."

பின்னால் ஒரு திருகாணி தரையில் விழுந்து உருண்டது. கணவர் அதை எடுக்க இறங்கவில்லை.

இளையவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்ததில் இதற்கப்பால் ஒன்றும் இல்லை.

மூத்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருந்தியா?"

பொய் சொல்லி இளையவளுக்குப் பழக்கமில்லை.

"எட்டு மாசமாக்கா" என்றாள்.