தேதி தவறிய கம்ப்யூட்டர்

கல்கத்தா கிடர்பூர் லாரி ஆபீஸில் கிளார்க் வேதாச்சலம் கம்ப்யூட்டரில் அடிக்கிற சீட்டிலெல்லாம் 2011 ஜனவரி ஒண்ணு என்றே விழும். அதன்மேல் கோடு போட்டு, இன்றைய தேதியைப் பேனாவால் எழுதுவார்.

"உள்ளே சின்ன பேட்டரி செத்துப்போச்சு அண்ணாச்சி," என்றான் ரிப்பேர் பார்க்க வந்த சிபி. "பிளக்கைப் பிடுங்கினாலே தேதி பழையபடி 2011 ஜனவரி ஒண்ணுக்கு ஓடிடும். மாத்திடறேன்."

"வேண்டாம் தம்பி."

"தேதி சரியாகலேன்னா இதைத் தூக்கிட்டுப் புதுசு வைக்கச் சொல்லிட்டார் முதலாளி. பிளக்கையாவது பிடுங்காம விடுங்களேன். தினம் சாயங்காலம் எதுக்குப் பிடுங்குறீங்க?"

வேதாச்சலம் துண்டால் மானிட்டரைத் துடைத்தார்.

"விட்டா ராத்திரியோட ரெண்டாந்தேதி ஆயிடுமே. எம்பொண்டாட்டி கமலம் தவறிப்போனது அந்த வருஷம் அந்த ரெண்டாந்தேதிதான், தம்பி."

மணி ஆறானது. சிபியே குனிந்து பிளக்கைப் பிடுங்கினான்.