இருபதுக்கு இருபது

காஃப்ஸா ஊருக்குக் குடிவந்து ஒரு மாதமே ஆன சுரங்கத் தொழிலாளி லஸ்ஹர், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மகள் ரிஹாபின் விடைத்தாளை இமாமிடம் நீட்டினார்.

"மனுஷனும் குரங்கும் ஒரே வம்சம்னு எழுதியிருக்கா ஷேக். எவனோ ஒரு வாத்தியார் இருபதுக்கு இருபது போட்டிருக்கான்! நாளையிலேர்ந்து அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது."

"நானும் இத ஒத்துக்கல தம்பி. அல்லாஹ் தன் கையால களிமண்ணுல ஆதமைச் செஞ்சு, வானவர்களையே தலைவணங்க வச்சான். குரங்கு வம்சம்னா அந்த மரியாதை என்னாகும்?"

"அப்போ அந்த ஆளை நல்லாக் கேளுங்க!"

"பரீட்சையில விஞ்ஞானிகள் என்ன சொல்றாங்கன்னுதான் கேள்வி. பிசகில்லாம எழுதின பொண்ணுக்கு நான் எப்படி மார்க்கைக் குறைக்கிறது?"

"நீங்களா?"

"வெள்ளிக்கிழமைதான் இங்க பிரசங்கம். மத்த நாள்ல உயிரியல் வாத்தியார் நான்தான்."

லஸ்ஹர் விடைத்தாளைப் பத்திரமாக மடித்துக்கொண்டார்.

"காலையில நேரத்தோட அனுப்பிவைக்கிறேன், வாத்தியாரே."