இடது பக்க ஸ்பிரிங்

பழங்காநத்தம் பட்டறையில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினாள் கனகலட்சுமி.

“யூனுஸ் தம்பி, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரரு தேரிக்காட்டு மணல்மேட்டுல இதை ஓட்டப்போறாரு. அதுக்குத் தோதா ஸ்பிரிங்கை வச்சுக் குடுங்க.”

“பக்கத்து சீட்ல யாரு வாராங்கக்கா? வெயிட்டு தெரிஞ்சாத்தான் சரியா வைக்க முடியும்.”

“அவரு சேக்காளி, காசிமாயன் அண்ணன்.”

“அவரு நூத்திப்பத்து கிலோவாச்சே! அப்ப இடது பக்கம் நல்லா இறுக்கணும். ஆனா ஒல்லியான ஆளு உக்காந்தா தூக்கித் தூக்கி அடிச்சுரும்க்கா.”

“அண்ணன்தான் வாராருன்னு எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்காரு. இன்னொரு சுத்து சேத்தே இறுக்குங்க.”

ஞாயிறு மதியம் யூனுஸின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“என்னடா செட்டிங் வச்சிருக்க? மேட்டுக்கு மேடு தூக்கி அடிச்சு, பாவம், காசிமாயனுக்கு இடுப்பே ஒடிஞ்சு போச்சு!” கனகலட்சுமியின் கணவன் முத்துப்பாண்டி கத்தினான்.

பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கனகலட்சுமி எழுந்து வந்து போனை வாங்கினாள்.

“காசிமாயன் அண்ணன் இங்க எம்பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு. அங்க இடுப்பொடிஞ்சு கெடக்குறது யாருங்க?”