கரி படிந்த குழல்

செண்பகவல்லி போட்டிக்கு முந்தின நாள் தன் துப்பாக்கிக் குழலைப் பொட்டுக் கரி இல்லாமல் தேய்த்து, எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தாள். மறுநாள் காலையில் சுட்ட முதல் பயிற்சிக் குண்டு, குறியை விட்டு நாலு விரல் தள்ளிப் போனது. குழல் வெலவெலத்துப் போயிற்று.

"ஐயோ, நான் வளைந்துவிட்டேன்! என்னைக் கழற்றி எறியப் போகிறாள்."

"வளையவும் இல்லை, ஒன்றும் இல்லை," என்றது அடுத்த குண்டு. "உள்ளே எண்ணெய் வழுக்குகிறது. நாங்கள் இரண்டு மூன்று பேர் போய்க் கொஞ்சம் கரி பூசிவிடுகிறோம், பொறு."

மூன்றாவது குண்டு நடுப்புள்ளியை உரசியது. நான்காவது அதையே துளைத்தது. ஐந்தாவது அதே துளைக்குள் போனது.

"நான் தயார்," என்று செண்பகவல்லி நடுவரிடம் கை உயர்த்தினாள். குழல் புகையோடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது.