கடற்கரைப் பட்டு

"கடலுக்குப் போறதுக்கு யாராச்சும் பட்டுப்புடவை கட்டுவாங்களாம்மா?"

கீர்த்தி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அம்மா தையல்நாயகியோ, கண்ணாடி முன் நின்று, அரக்கு பார்டர் போட்ட மஞ்சள் புடவைக்கு நிதானமாகக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்சிபுரத்துல பொறந்துட்டு நைலான் கட்டிக்கினு போவச் சொல்றியா? மானம் போயிடும்டி!"

வருஷா வருஷம் இதே கூத்துதான். சித்திரை அமாவாசைக்குத் தறிக்கு லீவு. அப்பா குமரகுரு குடும்பத்தோடு மகாபலிபுரம் பஸ் ஏறிவிடுவார். அவரும் பிள்ளைகளும் அலையில் விழுந்து புரள, அம்மா மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி கரையில் நிற்பாள். யாராவது கிட்டே போனால் தொலைந்தது.

"ஈரக் கையோட தொடாத! உப்புத் தண்ணி பட்டா ஜரிகை கறுத்துடும்!"

வீட்டிலும் அந்தப் புடவை பூட்டிய பீரோவுக்குள்தான். யாரும் கை வைக்கக் கூடாது.

பிள்ளைகளைவிடப் புடவைதான் பெரிசு என்று கீர்த்திக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம். அடுத்த மாதம் வேலைக்குப் புனே போகிறாள். இனி எல்லோரும் சேர்ந்து எப்போது வருவார்களோ, யார் கண்டது? இந்தத் தடவை அம்மாவைக் கடலில் இறக்காமல் விடுவதில்லை. தம்பி கலைவாணனைக் கூட்டு சேர்த்துக்கொண்டு, பையில் ஒரு சுடிதாரை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இந்தாம்மா, மாத்திக்கினு வா," என்று கரையில் வைத்து நீட்டினாள்.

"அய்யே! நான் என்னிக்குடி சுடிதார் போட்டேன்?"

"அப்போ புடவையோடயே தூக்கிப் போட்டுருவோம்," என்றான் கலைவாணன். அப்பாவைவிட அரை அடி உயரம். செய்தாலும் செய்வான்.

தையல்நாயகி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் நீச்சல் நல்லா வருமில்ல?"

"காலேஜ்ல கப்பே வாங்கியிருக்கேன்மா!"

"எனக்கும்தான் வரும். எதுக்குக் கேக்கற?" என்றாள் கீர்த்தி.

தையல்நாயகி செருப்பை உதறினாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். கடலைப் பார்த்து ஒரே ஓட்டம்!

"அம்மா! பட்டு! ஜரிகை!" அலறியபடி பின்னாலேயே ஓடினாள் கீர்த்தி.

முதல் அலை இடுப்புக்கு வந்தது. அடுத்தது தலைக்கு மேலேயே போனது. கொண்டை அவிழ்ந்து எழுந்த தையல்நாயகி, வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"இன்னொண்ணு வருது, வாங்க வாங்க!"

குமரகுரு விசிலடித்தார். அம்மா இப்படிச் சிரித்துக் கீர்த்தி பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் நெசவு வீட்டுப் பெண்ணாயிற்றே, மனசு கேட்குமா? முந்தானையையாவது காப்பாற்றலாம் என்று எட்டிப் பிடித்தாள்.

பிடித்ததுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா... இது பட்டே இல்ல. பாலியஸ்டர்!"

திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் அவசரமாக ஆகாயத்தைப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா ரெண்டு பேரும் ஏமாத்திக்கினு இருந்தீங்களா? எதுக்கும்மா?"

"பட்டுன்னு சொன்னாதான் யாரும் என்னைத் தண்ணிக்குள்ள இழுக்க மாட்டீங்க. கடலக் கண்டா எனக்குத் தலகால் புரியாது. உங்கப்பா உங்களுக்கு மேல கொழந்த. நானும் எறங்கிட்டா உங்கள எவ பாத்துக்கினு இருக்கறது?"

"அதுக்கு நெஜப் பட்டே கட்டியிருக்கலாமே!" என்றான் கலைவாணன்.

அடுத்த அலைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டே தையல்நாயகி சொன்னாள்:

"கட்டியிருக்கலாம்பா. அலை உங்கள இழுக்கும்போது, ஒரு நொடி புடவைய நெனச்சு நின்னுட்டேன்னா?"