ஒன்று மிகும் இடம்

“என் ஹெட் எங்கே?”

பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஒற்று சார் கேட்டார்.

“கழுத்துக்கு மேலதான் இருக்கு. பார்த்துட்டுதான் வரேன்,” என்றாள் பின்னால் வந்த மனைவி.

அவர் சிரிக்கவில்லை. வேலைமேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. அதன்மேல் அவருடைய சிவப்பு மை எழுத்து: ‘சிலிண்டர் ஹெட். இதையே பொருத்தவும்.’ பெட்டி பிரிக்கப்படவே இல்லை. ஆனால் வண்டி தயார் என்று காலையிலேயே ஃபோன் வந்துவிட்டது.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் அவருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அந்தப் பெயர். மூன்று மாதத்துக்கு முன் இந்தப் பட்டறை திறந்தபோது பலகையில் ‘பழுது பார்க்க படும்’ என்று இருந்தது.

“ஒரு ‘ப்’ குறையுது தம்பி. பலகையிலேயே ஒண்ணு கழண்டிருக்கு, உன்னை நம்பி வண்டிய எப்படி விடறது?” என்று நாலு பேர் முன்னால் கேட்டார். மெக்கானிக் அன்றைக்கே ஏணி போட்டு ஏறி, இடமில்லாத இடத்தில் ஒரு ‘ப்’பை நுழைத்தான்.

பிறகுதான் தன் பழைய காரின் எஞ்சினைப் புதுப்பிக்க அவனிடம் விட்டார். விடுவதற்கு முன் படித்தார். படித்துக்கொண்டே இருந்தார்.

“கேம்ஷாஃப்டைப் பத்தி விசாரிச்சதுல பாதியாவது கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தி விசாரிச்சிருக்கலாம்,” என்றாள் மனைவி.

சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற வண்டிக்குப் பந்தயக் கார் கேம்ஷாஃப்ட் எதற்கு என்று அடக்கமான ஒன்றையே தேர்ந்தெடுத்தார். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அமுக்கப்படும் என்கிற கம்ப்ரஷன், பத்துக்கு ஒன்று. பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலுக்கு அதுதான் எல்லை. தாண்டினால் எஞ்சின் தட்டும், பிஸ்டனே ஓட்டையாகும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பாடம் எடுத்தார். அந்தப் பத்து வருகிற மாதிரி, சிலிண்டரை மேலே மூடுகிற ஹெட்டையும் தானே வாங்கினார். கணக்கை ஒரு தாளில் போட்டு, கீழே கையெழுத்தும் இட்டு, மெக்கானிக்கிடம் கொடுத்தார்.

அவன் தாளை ரொம்ப நேரம் பார்த்தான்.

“புரியலன்னா கேளு, தம்பி.”

“புரிஞ்சுது சார்.”

மனைவி கணக்கு டீச்சர். அவளிடம் தாளைக் காட்டவில்லை. “இது கணக்கு இல்ல, எஞ்சினியரிங்,” என்றுவிட்டார்.

இப்போது பட்டறையில் மூன்று பேர் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

“சார், உள்ள வாங்க. தனியா பேசலாம்,” என்றான் மெக்கானிக்.

“தனியா என்ன ரகசியம்? இங்கயே சொல்லு. நான் குடுத்த ஹெட்டைப் போட்டியா, இல்லையா?”

“போடல சார். வேற போட்டேன்.”

“ஏன்?”

மெக்கானிக் அந்த மூன்று பேரையும் பார்த்தான். பிறகு ஒற்று சாரைப் பார்த்தான்.

“என் தப்புதான் சார். உங்களைக் கேக்காம மாத்திட்டேன். உங்க பெட்டி அப்படியே இருக்கு, எடுத்துக்கங்க.”

“கேட்டீங்களா?” என்று ஒற்று சார் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “பலகையைப் பார்த்த அன்னைக்கே சொன்னேன்.”

ஸ்கூட்டர்காரர் ஒருவர் மெதுவாக எழுந்துபோய், ஆணியில் தொங்கிய தன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“என் கணக்குத் தாளைக் குடு. ஆதாரம் வேணும்.”

“அது எங்கயாவது கிடக்கும் சார். வேண்டாமே.”

“தேடு.”

கிரீஸ் கறையோடு நாலாக மடிந்த தாள் வந்தது. அதை மனைவியின் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் பூனை மாதிரி கிளம்பியது. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மனைவி தாளைப் பிரித்தாள்.

“சிலிண்டர் ஐந்நூறு சி.சி. ஹெட்டுக்குள்ள மிச்ச இடம் அம்பது. ஐந்நூறை அம்பதால வகுத்துப் பத்துன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“பிஸ்டன் கீழ இறங்கி நிக்கும்போது அந்த அம்பதும் சேர்ந்துதானே இடம்? ஐந்நூத்தம்பதை இல்ல வகுக்கணும்?”

“வகுத்தா?”

“பதினொண்ணு. ஒண்ணை விட்டுட்டீங்க.”

பதினொன்று. தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். ஊரெல்லாம் அவரே எடுத்த பாடம்.

“பின்பக்கம் பென்சில்ல ஏதோ இருக்குங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு எழுதினது போல.”

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டு அவரே வாங்கிப் படித்தார்.

‘அண்ணே, சார் கணக்கில் ஒன்று விட்டு போயிருக்கு. உள்ளே இடம் அதிகம் உள்ள ஹெட் அனுப்பவும். சாருக்கு தெரிய வேண்டாம். பாவம், சங்கட படுவார்.’

பழக்கதோஷம், கை சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. மூன்று இடத்தில் ஒற்று இல்லை.

கை பேனா மேலேயே நின்றது. பிறகு வெறுமனே திரும்பி வந்தது.

பச்சை விழுந்தது. அவர் வண்டியை வந்த வழியே திருப்பினார்.

“வீடு அந்தப் பக்கம்ங்க.”

“தெரியும். அந்த ஸ்கூட்டர்காரர் போறதுக்குள்ள, அவங்க எல்லார் முன்னாடியும் ஒரு பிழை திருத்தணும்.”

“மறுபடியும் பலகையிலயா?”

“இல்ல,” என்றார். “கழுத்துக்கு மேல.”