கூரையைப் பார்க்க வந்தவள்

அவள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

மதிய நேரத்துப் பப். நாலைந்து கிழவர்கள். கணப்பருகே ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

இந்த ஆங்கிலக் கிராமத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கணவர் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர். மதுரையில் ஆர்க்கிடெக்ட்டாக இருந்தவள், இங்கே டாக்டரின் மனைவி.

கடைக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பப்பை வெளியே நின்று பார்ப்பாள். கறுத்த மரச்சட்டங்கள், நடுவே வெள்ளைச் சுவர். ஒரு கோடுகூட நேராக இல்லை. ஆனாலும் நூற்றாண்டுகளாக நிற்கிறது.

இன்று கதவைத் தள்ளிவிட்டாள்.

"என்ன வேணும்?" என்று கேட்டார் கவுண்டருக்குப் பின்னால் நின்ற டெரிக். பப் அவருடையது.

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையிலிருந்தே இரண்டு பெரிய ஓக் மரச்சட்டங்கள் வளைந்து எழுந்து உச்சியில் சேர்ந்தன. கூரையின் பாரமெல்லாம் அவற்றின் மேல்தான். ஆணியே இல்லை. மரத்தாலான முளைகள்.

இடது மரத்தில் ஒரு பெரிய கணு. வலது மரத்திலும் அதே உயரத்தில் அதே கணு, கண்ணாடியில் தெரிவதுபோல.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே மரம்!" என்றாள் தமிழில்.

யாருக்கும் புரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னாள். காட்டில் வளைந்து வளர்ந்த ஒரு மரத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள். கோணலை நிமிர்த்தவில்லை. அதையே கூரையாக்கிவிட்டார்கள்.

ஒரு கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கணுவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். டெரிக் எதிர்ப்பக்கம் போய் நுனிக்காலில் எம்பி, மற்றதைத் தொட்டார்.

"முப்பது வருஷமா இதுக்குக் கீழதான் நிக்கிறேன்" என்றார். கையை எடுக்கவில்லை.

ஒருவர் பாக்கெட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். இன்னொருவர் முளைகளை விரலால் தடவிக்கொண்டே போனார். எல்லோரும் ஒரே நேரத்தில் அவளிடம் கேள்வி கேட்டார்கள்.

டெரிக் மாடிச் சாவிக்கொத்தோடு வந்தபோது அவளுடைய போன் அடித்தது. வீட்டிலிருந்து கணவர்.

"பூங்கோதை, எங்க இருக்க?"

"பப்புல."

"பப்புலயா?"

"மாடியில இதே மாதிரி இன்னும் ரெண்டு ஜோடி மரம் இருக்காம். நீங்க சாப்பிடுங்க. நான் பாத்துட்டு வர்றேன்."